ஊறப்போட்ட ஞாயிறுகள்

திருச்செங்கோட்டுப் பக்கம், எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடி. பெரியப்பாவின் லாரி அங்கே நின்று 14 வருடம் ஆகிறது. ரோட்டில் ஓட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை. வண்டிக்கும் வயதாகிவிட்டது, அதன் காகிதங்களுக்கும் வயதாகிவிட்டது. தென்னைக்குத் தண்ணீர் ஓட்ட, காட்டுக்குள்ளேயே சுற்றிவர ஒரு டேங்கர் வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஜின் இரண்டே நாளில் பேசிவிட்டது. ஆக்ஸில்தான் மசியவில்லை. முன்சக்கரங்கள் திரும்புகிற அச்சாணிகளான கிங் பின் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துத் திருப்பினால் தண்டு லேசாக முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் நட்டுவைத்த கல் மாதிரி நிற்கிறது.

மேஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. குனிந்து பார்த்தார், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார்.

“எத்தனை நாள் ஆகுமுங்க மேஸ்திரி?”

“வேலை ஒரு நாளுங்க வாத்தியாரே. ஊற வைக்கறது ஒரு மாசம்.”

*

வண்டி டாட்டா 1210. 1980களின் தொடக்கத்தில் வாங்கியது. மேஸ்திரி வாயில் இன்னமும் அது ‘பென்ஸ் வண்டி’தான். டாட்டாவின் டெல்கோ 1954இல் டைம்லர்-பென்ஸோடு கைகோத்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்து மூன்று முனை நட்சத்திரம் இறங்கிப்போனது. பேர் மட்டும் பட்டறைகளில் தங்கிவிட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பென்ஸ் வழி வந்த வண்டி என்பதால் நட்டெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. முதல் ஞாயிறு பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான் இரவல் வாங்கிவந்த ஸ்பேனர் செட்டு ஒரு பழைய லேலண்டுக்கு உரியது, அங்குலக் கணக்கு. 15/16 அங்குலம் என்பது 23.8 மி.மீ. 24 நட்டில் போட்டால் அது உட்காராது. அடுத்த பெரிய அங்குல அளவைப் போட்டேன். உட்கார்ந்தது, கொஞ்சம் தாராளமாகவே. துரு இல்லாத நட்டாக இருந்தால் கழன்றிருக்கும். இதில் மூலைகள் ஆறும் மழுங்கி நட்டு உருண்டை ஆனது. மேஸ்திரி திட்டவில்லை. இரவல் செட்டை மடித்து என் ஸ்கூட்டர் மேல் வைத்துவிட்டார்.

மழுங்கிய நட்டுக்கும் மழுங்கப்போகிற நட்டுக்கும் ஆறு முனை பாக்ஸ்தான் சரி. பன்னிரண்டு முனை பாக்ஸ் மூலையைப் பிடிக்கும். ஆறு முனை பாக்ஸ் பக்கத்தை அமுக்கும்.

*

ஏன் இவ்வளவு துரு? மழையில் நின்றது மட்டும் காரணமில்லை. பெரியப்பா கடைசி ஏழெட்டு வருடம் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஓட்டினார். உப்பில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடுதான். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். தார்ப்பாயில் ஒழுகிய உப்புத்தண்ணீர் முழுக்கச் சேஸிஸ் மேல்தான் இறங்கியிருக்கிறது.

வெறும் தண்ணீர் காய்ந்துபோகும். உப்பு படிந்த இடம் காயாது, காற்றில் இருக்கும் ஈரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும். உப்புத்தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும், துருப்பிடிப்பதும் ஒரு மின்சார வேலைதான். கோடையிலும் இந்த ஆக்ஸில் துருப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

*

எனக்குப் புரிந்த வரை இறுகிப்போவது என்பது முழுக்க முழுக்க இடத் தகராறு. இரும்பு துருவானால் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கடலோர வீடுகளில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துத் தளமே வெடித்துப் பெயர்கிறது அல்லவா, அதே கதை. பின்னுக்கும் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடி அகலம்கூட வராது. அந்த வரப்பைத் துரு இரண்டு பக்கமிருந்தும் தின்று நிரப்பிவிடுகிறது. வரப்பு போனபிறகு இரண்டும் ஒரே காடு.

எண்ணெய், நெருப்பு, அடி, அழுத்தம் எல்லாமே அந்த முடியளவு இடத்தைத் திருப்பி வாங்கும் வழிகள்.

*

மேஸ்திரியின் எண்ணெய்: டீசல் பாதி, பவர் ஸ்டியரிங் எண்ணெய் பாதி. அவருக்கு முந்தைய தலைமுறை கிருஷ்ணாயிலை மட்டும் ஊற்றி வேலை முடித்திருக்கிறது.

நான் வாங்கிப்போன நீலமஞ்சள் டப்பாவைப் பார்த்து அவர் சிரித்தார். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. டபிள்யூடி-40 என்றால் தண்ணீரை விரட்டும் சரக்கு, நாற்பதாவது முயற்சி என்று பொருள். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உண்டாக்கினார்கள். முதலில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்கத்தான் அது பயன்பட்டது. துரு வராமல் காக்கப் பிறந்ததை வந்த துருவை எடுக்கச் சொல்கிறோம். ஓரளவு செய்யும், அதற்கென்றே செய்த எண்ணெய் அளவுக்குச் செய்யாது.

உள்ளே இறங்க எண்ணெய் இரண்டு விதத்தில் இளகியிருக்க வேண்டும். நீராக ஓட வேண்டும், இரும்பில் துளியாகத் திரண்டு நிற்காமல் பரவ வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே வேலையை இங்கே துருவின் பொடிப்பொடியான சந்துகள் செய்கின்றன. இதனால்தான் ஸ்டியரிங் எண்ணெயில் அசிட்டோனைக் கலக்கிறவர்களும் உண்டு. நன்றாகவே இறங்குகிறது. ஆனால் இரண்டும் ஒட்டி நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் ஆவி கண் மூடித் திறப்பதற்குள் தீப்பிடிக்கும். வெல்டிங் வேலை நடக்கிற பட்டறையில் அந்தப் பாட்டிலே இருக்கக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம்.

ஊற்றுவதைவிடத் தட்டுவது முக்கியம். எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் சுற்றிலும் பத்து நிமிஷம் தட்டு. துரு நொறுங்கக்கூடிய பொருள். அதிர்ச்சியில் அது விரிசல் விடும், விரிசலில் எண்ணெய் இறங்கும். காலை ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை. பூஜை மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் கேலி செய்கிறார்கள்.

*

இரண்டாம் ஞாயிறு. எதைக் காப்பாற்றுவது, எதைப் பலி கொடுப்பது என்று மேஸ்திரி சாக்பீஸால் குறி போட்டார். ஸ்பிரிங்கையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. “அதுக்கு மல்லுக்கட்ட வேண்டாமுங்க. வெட்டிப் போட்டுடலாம்.” யு போல்ட் ஒரு தடவை இறுக்கியதும் நீண்டுவிடும் பொருள். கழற்றினாலும் மறுபடி போடக்கூடாது. அதற்குப் போய் அரை நாள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

நட்டு போகட்டும், போல்ட் போகட்டும், கிங் பின்னே போகட்டும், செட்டு கடையில் கிடைக்கும். ஆக்ஸில் கட்டையும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ஸ்டப் ஆக்ஸிலும் போகக்கூடாது. அடி விழுந்தால் மலிவான பொருள்மேல் விழ வேண்டும்.

*

நெருப்பைப் பற்றி.

எஃகு சூட்டில் விரியும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மி.மீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். 100 மி.மீ. குறுக்களவுள்ள துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் கால் மி.மீ. அகலும். முடியளவு இடத்துக்குத் தவம் கிடக்கிறவனுக்குக் கால் மி.மீ. பெரிய காணி. ஆனால் சூடு வெளியே இருப்பதன்மேல் விழ வேண்டும், உள்ளே இருப்பதன்மேல் அல்ல. நட்டைச் சுடு, போல்ட்டைச் சுடாதே. போல்ட்டைச் சுட்டால் அது உள்ளேயே பருத்து இன்னும் நெருக்கும்.

சுட்ட நட்டின் ஓரத்தில் மேஸ்திரி மெழுகுவத்தியைத் தொட்டுக் காட்டினார். மெழுகு உருகி மரைக்குள் தானாக ஓடியது. ஆறும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்ணெயாக இருந்தால் பாதி புகையாகப் போயிருக்கும். நான் பார்த்த வித்தைகளில் இதுதான் அழகு.

நெருப்பு காட்டக்கூடாத இடங்கள் உண்டு. பேரிங் இருக்கும் இடம், எண்ணெய் அடைத்த ஹவுசிங், ஸ்பிரிங் பட்டை. எல்லாவற்றுக்கும் மேல் முன் ஆக்ஸில் கட்டை. அது அடித்து உருவாக்கிச் சூடேற்றிப் பதம் கொடுத்தது. செஞ்சூடு ஏறினால் பதம் போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது தெரியும். கட்டையின் வலது பக்கக் கண்ணை, அதாவது கிங் பின் ஏறும் துளையை, கொஞ்சம் சுட்டால் பின் வந்துவிடும் என்று கேஸ் செட்டோடு வந்த பையன் சொன்னான். மேஸ்திரி அவனை யு போல்ட் வெட்ட அனுப்பிவிட்டார்.

*

பிரேக் டிரம் கழன்றது. பையன் ஏர் குழாயை எடுத்துத் தூசியை ஊதப் போனான், பிடித்து நிறுத்தினேன். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். ஊதினால் அது நம் நெஞ்சுக்குள் போய்த் தங்கும். தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்தோம். “இத்தனை வருசம் ஊதித்தானுங்க இருந்தோம்” என்றார் மேஸ்திரி. அதற்கு நான் என்ன சொல்வது.

*

அடுத்து, ஸ்டியரிங்கின் டை ராட் முனை. இதில் மரை ஒரு பொருட்டே இல்லை, கூம்புதான் சிக்கல். கூம்பான தண்டு கூம்பான துளைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் துரு இல்லாமலேயே கவ்விக்கொள்ளும். நான் தண்டின் நுனியில் அடித்தேன். மரை நசுங்கியதுதான் மிச்சம்.

மேஸ்திரி துளை இருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் பெரிய சம்மட்டியை அணைத்துப் பிடித்தார். எதிர்ப்பக்கத்தில் சின்னச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. இரண்டாவது அடியில் பொட்டென்று விழுந்தது. அடி விழும் நொடியில் வட்டத் துளை சற்றே நீள்வட்டமாக நசுங்கி மீள்கிறது. அந்த நொடியில் கூம்பு பிடியை விடுகிறது.

இரண்டு சம்மட்டிக்கும் வாய் கெட்டியாக இருந்ததால் எனக்குப் பயம். கெட்டி எஃகை நேருக்கு நேர் மோதவிட்டால் சில்லு தெறிக்கும். உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அதன் ஓரமும் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் மேஸ்திரி தன் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்.

*

நடுவில் என்னுடைய திருவிளையாடல். பின் ஆக்ஸில் ஷாஃப்டின் விளிம்பு நட்டுகள். ஏழு கழன்றன. எட்டாவதை ஞாயிறு சாயங்காலம், வெளிச்சம் போகிற நேரத்தில், “இது ஒன்றுதானே” என்று நாலடி பைப்பை மாட்டித் தொங்கினேன். ஸ்டட் அறுந்தது. சத்தமே இல்லை. கையில் வெண்ணெய் வெட்டிய மாதிரி ஓர் இளக்கம், ‘ஆஹா, கழன்றுவிட்டது’ என்ற அரை நொடி சந்தோஷம்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8.8 என்று தலையில் பொறித்த 14 மி.மீ. போல்ட்டை இறுக்க 135 நியூட்டன் மீட்டர் அளவு போதும். 70 கிலோ ஆள் நாலடி பைப் முனையில் தொங்கினால் 800க்கு மேல். ஆறு மடங்கு. கழலாவிட்டால் அறுவதைத் தவிர அதற்கு வேறு என்ன வழி இருந்தது?

அறுந்த ஸ்டட்டை எடுக்கும் ‘ஈஸி அவுட்’ பேருக்கு ஏற்ற பொருள் இல்லை. அது உள்ளே ஒடிந்தால் டிரில்லும் ஏறாத கெட்டி. மேஸ்திரி முனையின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டிங் அடித்து நிரப்பினார். ஆறவிட்டு ஸ்பேனர் போட்டதும் வந்தது. ஒட்டியதைவிட வெல்டிங்கின் சூடு செய்த உதவிதான் பெரிது என்று தோன்றுகிறது. உள்ளே பருத்து, துருவை நொறுக்கி, ஆறும்போது சுருங்கியிருக்கிறது. நட்டைச் சுடு, போல்ட்டைச் சுடாதே என்று மேலே எழுதியதற்கு இது நேர் எதிர். எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே விட்டு வைக்கிறேன்.

மரை கழன்றவன் என்று ஆளைச் சொல்ல நமக்கு வார்த்தை இருக்கிறது. மரை இறுகியவனுக்கு இல்லை. அவர்கள்தான் அதிகம்.

ஏர் கன் பற்றி எனக்கும் மேஸ்திரிக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு அது ஸ்டட் அறுக்கும் மிஷின். வேகத்தைக் குறைத்து வைத்து, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம் என்று மாற்றி மாற்றி விட்டால் அதன் சின்னச் சின்ன அடிகள் என் பைப்பைவிட ஆயிரம் மடங்கு பத்திரம் என்பது என் கட்சி. எட்டாவது ஸ்டட்டுக்குப் பிறகு என் கட்சிக்குக் கேட்பார் இல்லை.

*

சின்னச் சாமான்களுக்குத் தொட்டி. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். ராத்திரி முழுக்க நுரை. காலையில் துரு கறுப்புச் சேறாகத் துடைத்தால் வந்துவிடுகிறது, நல்ல இரும்பில் கை வைப்பதில்லை. நுரை ஹைட்ரஜன். அதனால் தொட்டி திறந்த வெளியில், பீடி தூரத்தில். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடக்கூடாது. அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும்.

மொலாசஸில் ஊறப்போட்டாலும் துரு கரையும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், இரண்டு மூன்று வாரம், சகிக்க முடியாத நாற்றம். மோகனூர் சர்க்கரை ஆலை இதே நாமக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் வாளியை நீட்டி வாங்குகிற சரக்கு இல்லை. சாராயத்துக்கு மூலப்பொருள் என்பதால் அரசாங்கத்தின் கண் அதன்மேல் எப்போதும் உண்டு. என் ஆக்ஸிலுக்காக அந்த வம்பு வேண்டாம்.

*

ஐந்தாம் ஞாயிறு, வலது கிங் பின்.

மண்வெட்டிப் பிடி தடிமனில் ஓர் உருளை. ஆக்ஸில் கட்டையின் கண்ணுக்குள் அசையாமல் நிற்கும். ஸ்டப் ஆக்ஸில் அதைச் சுற்றித் திரும்பும். பின் சுழலாமல் பிடிக்க, குறுக்கே ஒரு ஆப்பு. முதலில் அதை எடுக்க வேண்டும். அதன் நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனியோடு நுனியாக நிறுத்தி, பித்தளைத் துண்டை வைத்து அடித்தார். மரை பிழைத்தது.

பின்னை அடிக்க நான் சம்மட்டியைத் தூக்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். “அடி மேல் அடி அடிச்சா...” என்று நான் ஆரம்பித்ததை அவரே முடித்தார். “அம்மி நகருமுங்க. இது நகராது. தலை விரிஞ்சு குடை பிடிச்சுக்கும், அப்புறம் துளைக்குள்ள எப்படிப் போகும்?”

இரண்டு தடித்த தகடு, இரண்டு மரைத்தண்டு, நடுவில் 30 டன் ஜாக்கி. அவரே கட்டிய சட்டம். கீழிருந்து பின்னை மேலே தள்ளும்படி மாட்டி, ஜாக்கி முனகும் வரை ஏற்றினார். பிறகு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். பையன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். சட்டத்தைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டியிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

டீ முடிந்து வந்து ஜாக்கியை இன்னும் ஓர் அழுத்து. கண்ணின் பக்கவாட்டில் சம்மட்டியால் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி. ஒன்றுமில்லை. மறுபடி எண்ணெய். மதியச் சாப்பாடு. மூன்று மணிக்கு, யாரும் தொடாதபோது, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்கை எல்லாம் எழுந்துவிட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் பின் ஏறியிருந்தது மூன்று மி.மீ.

“வந்துட்டானுங்க” என்றார் மேஸ்திரி. மீதி வெளியே வர ஐந்து மணி ஆனது.

*

பின் வந்தபிறகு அதைச் சுற்றி ஸ்டப் ஆக்ஸிலில் இருக்கும் புஷ்ஷைப் பார்த்தோம். மேல் புஷ் வறண்டு கறுத்திருந்தது, ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. பெரியப்பா கிரீஸ் விஷயத்தில் கஞ்சனே இல்லை. மாதம் தவறாமல் கன்னை வைத்து அடித்தவர். கிரீஸ் ஏற்றும் நிப்பிளும் சுத்தம். மேஸ்திரி விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தடவச் சொன்னார். நிப்பிள் துளை ஒரு பக்கம், புஷ்ஷில் இருக்க வேண்டிய துளை கால் சுற்றுத் தள்ளி வேறு பக்கம். எப்போதோ புஷ் மாற்றியவர் துளையைச் சேர்க்காமல் அடித்து இறக்கியிருக்கிறார். அத்தனை மாதம் அடித்த கிரீஸும் சுவரில் முட்டித் திரும்பியிருக்கிறது.

“யாருங்க போட்டிருப்பாங்க?”

கொஞ்ச நேரம் புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க பெரியப்பா வேற பட்டறைக்குப் போனதில்லீங்களே” என்றார். பிறகு சிரித்தார், நானும்.

*

தாத்தாவின் மாட்டுவண்டியில் இருசுக்குப் போட மூங்கில் குழாயில் மை தொங்கும். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. இப்போது மேஸ்திரி கிரீஸில் குழைக்கிற கறுப்புப் பொடி கிராஃபைட். சிவகங்கையில் அரசுச் சுரங்கமே இருக்கிறது. இரண்டும் கரிதான்.

இதைக் கண்ட மரையிலெல்லாம் பூசிவிடக்கூடாது. வழுக்கும் மரையில் அதே இறுக்கு விசைக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். வீல் ஸ்டட்டில் பூசுவதே இல்லை. பின் ஏறும் கண்ணின் உட்சுவரில் மட்டும் மெல்லிசாக ஒரு கை.

*

புதுப் புஷ்ஷை இறக்குவதற்கு முன்னால் மேஸ்திரி அதன் விளிம்பில் துளைக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டார். ஸ்டப் ஆக்ஸிலிலும் நிப்பிளுக்கு நேராக ஒரு கோடு. இரண்டு கோட்டையும் சேர்த்து அழுத்தி இறக்கினார். அது போதாது. சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து நிப்பிள் துளைக்குள் விட்டார். உள்ளே குனிந்து பார்த்தேன். கம்பியின் நுனி தெரிந்தது. பையனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்தபிறகும் தானே ஒரு தடவை பார்த்தார்.

புஷ்ஷைப் பின்னின் அளவுக்குச் செதுக்க ரீமர் ஓட்டுவது அடுத்த வாரம். இடது பக்கம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.